முன்கியர் அண்ணன்

ரிவர்ஸ் கியரைத் தொடாமலே டிராக்டர் ஓட்டியவர் கோயமுத்தூர் ஜில்லாவில் ஒருவர்தான் இருந்தார். உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று சொல்லவும் எனக்குத் தயக்கமில்லை. மாணவர் முகாமில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் முன்கியர் அண்ணன். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்கவில்லை.

அப்போது நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சிரமதான முகாம். ஊரிலிருந்து தார் ரோட்டுக்கு இருந்தது ஓர் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி நெருக்கும் வண்டிப்பாதை. அதில் மண் கொட்டிக் கெட்டித்து, பஸ் வரும்படி செய்வது எங்கள் வேலை. எங்களிடம் இருந்தவை மண்வெட்டி, கூடை, கடப்பாரை, அளவுக்கு மீறிய உற்சாகம். இல்லாதது, மண் ஏற்ற ஒரு வண்டி.

முகாம் தொடங்கிய மறுநாளே அவர் டிரெய்லர் பூட்டிய டிராக்டரோடு வந்து நின்றார்.

"டீசலும் நம்முளுதுங்க, ஆளும் நம்முளுதுங்க. மண்ணு எங்க கொட்டோணும்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

தாராளத்துக்குக் காரணம் இருந்தது. அவர் மகள் ரத்தினா எட்டாவது தேறியிருந்தாள். மேலே படிக்கக் காங்கேயம் போக வேண்டும். "பஸ் வந்தாப் போகட்டும். இல்லீன்னா ஊட்டுல இருக்கட்டும்" என்று அவர் மனைவி தீர்ப்பு சொல்லியிருந்தார். அந்த வீட்டில் மேல் கோர்ட் கிடையாது.

அவர் வழக்கம் அன்றே தெரிந்துவிட்டது. ஊர்க்குளத்து மண்ணை ஏற்றி இட்டேரிக்குள் வந்தார். நாங்கள் மண்ணை இறக்கினோம். வந்த வழியே பின்னால் போக வேண்டியவர், நேரே தார் ரோட்டுக்குப் போய், அடுத்த ஊரைச் சுற்றிக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு குளத்துக்கு வந்து சேர்ந்தார்.

"ஏனுங்ண்ணா, ரிவர்ஸ்ல போனா நாலு நிமிஷந்தானுங்களே?" என்று கேட்டேன்.

"அம்மணி, காளை பின்னால நடந்து உழுததை எங்காச்சும் பாத்திருக்கீங்களா?"

"இது காளை இல்லீங்களே."

"மெல்லப் பேசுங்க. அதுக்குக் கேட்டுப்போடும்."

விசாரித்தால் ஊரே கதை சொன்னது. டிராக்டரை நிறுத்தும் கொட்டகையின் பின்சுவரை இடித்திருந்தார். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறத்தான். தங்கை ஊரில் ஒருமுறை முட்டுச்சந்துக்குள் போய்விட்டு, எதிரே இருந்த வேலியைப் பிரித்து, சோளக்காட்டைக் கடந்து, பிறகு வேலியைக் கட்டியும் கொடுத்தாராம். தீபாவளிச் சீரோடு போனவர் பொங்கலுக்குத்தான் திரும்பினார் என்பது ஊரார் கணக்கு.

எப்படியோ ரோடு வளர்ந்தது. பஸ் முதலாளி ஒரு நிபந்தனை விதித்திருந்தார். முகாமின் கடைசி நாளன்று சாயங்காலம் பஸ் வரும். ஊருக்குள் வந்து திரும்பினால் மறுநாள் முதல் தினசரி சர்வீஸ். பாதியில் நின்றால், அத்தோடு சரி.

அந்தக் கடைசி நாள் மதியம் ஓர் இடத்தில் மண் இளகிக் கிடந்தது. அண்ணன் கடைசி லோடு கொண்டுவந்தார். அதைக் கொட்டிக் கெட்டிக்கச் சாயங்காலமாகிவிட்டது. வழக்கப்படி தார் ரோட்டைப் பார்த்துக் கிளம்பினார். எதிரே பஸ் வந்துவிட்டது.

இட்டேரியில் இரண்டு மூக்கும் முட்டிக்கொண்டு நின்றன.

முன்சீட்டில் இருந்த முதலாளி மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "நீங்க பின்னால போங்க. பஸ்ஸு பின்னால போச்சுன்னா அப்புறம் வாரதுக்கில்லீங்க."

"பஸ்ஸைச் சுத்திக்கிட்டுப் போயிருங்ண்ணா" என்று எங்கள் பையன் ஒருவன் சீண்டினான். அண்ணன் வேலியை ஒருமுறை பார்த்தார். நிஜமாகவே யோசிக்கிறார் என்று எனக்குப் பட்டது.

பிறகு ஊர்ப்பக்கம் திரும்பினார். இட்டேரி முனையில் ரத்தினா தாவணி நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவள் அம்மா, தீர்ப்பை மாற்றாத முகத்தோடு.

அண்ணன் இறங்கினார். "டிரெய்லரைக் கழட்டுங்க" என்றார். பையன்கள் கழற்றி ஊர்வரைக்கும் கையாலேயே தள்ளிப் போனார்கள். அவர் டிராக்டரின் முன்பக்கத்தைத் தடவி, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். ஏறி உட்கார்ந்தார்.

"அம்மணி, நான் திரும்பிப் பாக்கமாட்டேனுங்க. நீங்க பின்னால நடந்து சொல்லுங்க."

டிராக்டர் முதல்முறையாகப் பின்னால் நகர்ந்தது. இடப்பக்க வேலியை உழுதது, வலப்பக்க வேலியையும் விடவில்லை. "லெப்ட்டுங்ண்ணா! அந்த லெப்ட் இல்லீங்ண்ணா!" என்று நான் கத்தினேன். அவரோ பஸ் டிரைவரின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டிராக்டர் ஓர் அடி வர, பஸ் ஓர் அடி வந்தது. அப்படியே ஊருக்குள் வந்துவிட்டார்கள். குலவைச் சத்தம் கிளம்பியது.

"கடைசில பின்னால வந்துட்டீங்களே, அண்ணா" என்றேன்.

கிளுவை முள்ளைச் சட்டையிலிருந்து எடுத்தபடி அவர் நிதானமாகத் திருத்தினார்: "சாமிக்கு முன்னால மேளக்காரர் சாமியப் பாத்துக்கிட்டே எப்படிப் போறாரு? அப்படித்தானுங்க. பஸ்ஸைக் கூட்டியாந்தேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் நாங்கள் ஊர் திரும்பினோம். பள்ளிக்கூடத்தில் சேரப் போகும் ரத்தினா என் பக்கத்தில், புதுப் பையை மடியில் வைத்துக்கொண்டு. தார் ரோடு ஏறியதும் அவள் சிரித்துக்கொண்டே பின்னால் காட்டினாள். லோடு ஏதும் இல்லாமல் டிராக்டர் எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

"பஸ்ஸு வழில நின்னுபோச்சுன்னா என்னைக் கூட்டிப் போறதுக்குங்க்கா" என்றாள்.

பஸ் நிற்கவில்லை. டிராக்டர் சிறுத்துக்கொண்டே போய் ஒரு சிவப்புப் புள்ளியானது. காங்கேயம் வரும்வரை நானும் அவளும் அந்தப் புள்ளி இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தோம்.