நூற்றுக்கு நூறு பாஸ்

மலாய் நாட்டில் தமிழர் கல்வி வளர்ந்த வரலாற்றை யாராவது நேர்மையாக எழுத முன்வந்தால், முதல் அத்தியாயத்தைப் பள்ளிக்கூடத்தில் தொடங்கக் கூடாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில், பாஸ் கிராணி ரெங்கசாமி அவர்களின் வீட்டு முன்கூடத்தில்தான் தொடங்க வேண்டும். வரலாறு அங்கேயே முடிந்தும் போகும் என்பது வேறு விஷயம்.

பாஸ் கிராணி என்றால் சாமானியக் குமாஸ்தா உத்தியோகம் அல்ல. ரயில்வேயில் உழைப்பவர்கள் ஆண்டுக்கொரு முறை குடும்பத்தோடு இலவசமாக வண்டியேற ஒரு சீட்டு கொடுப்பார்கள். அதற்குப் பெயர் பாஸ். அதை எழுதி முத்திரை குத்தி நீட்டும் கை ரெங்கசாமியின் கை. எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவர் முதல் ஸ்டேஷன் மாஸ்டர் வரை அவர் மேஜைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார்கள். ஆகவே 1934ஆம் ஆண்டில் பிரிக்பீல்ட்ஸில் யாரிடம் கேட்டாலும், "பாஸ் வேணுமா? கிராணி ஐயாவைப் போய்ப் பாரு" என்றுதான் சொல்வார்கள்.

பாயிண்ட்ஸ்மேன் கன்னையாவும் அப்படித்தான் போய்ப் பார்த்தார்.

தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் கைப்பிடியை இழுத்து, சிரம்பான் வண்டியைச் சிரம்பானுக்கும் கிள்ளான் வண்டியைக் கிள்ளானுக்கும் திருப்பி விடுவது கன்னையாவின் வேலை. பதினெட்டு வருடத்தில் ஒரு வண்டியைக்கூட அவர் தப்பான பாதையில் விட்டதில்லை. ஒரே மகள் ராஜம்மாவை எந்தப் பாதையில் விடுவது என்பதில்தான் அவருக்குத் தடுமாற்றம்.

ராஜம்மாவுக்குப் பதினாலு வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அதுவும் மூன்றாவது வருடமாக ஐந்தாம் வகுப்பு. கணக்கில் கெட்டி, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இங்கிலீஷில் கட்டுரை எழுது என்றால் மட்டும் கை மரத்துவிடும். தலைமையாசிரியையான வெள்ளைக்காரத் துரைசானி கடிதம் கொடுத்தனுப்பியிருந்தாள்: டிசம்பர் பரீட்சையில் பாஸ் ஆகாவிட்டால் பேர் அடிக்கப்படும்.

பேர் அடிபட்டால் பிள்ளை எங்கே போகும் என்பதும் முடிவாகியிருந்தது. கன்னையாவின் கொழுந்தியாள் கிள்ளானில் அன்னாசி சீவி டின்னில் அடைக்கும் பட்டறையில் வேலை செய்தாள். "இங்க ஒரு கத்தி சும்மாதான் கிடக்கு, புள்ளய அனுப்புங்க அத்தான்" என்று இரண்டு தடவை சொல்லியனுப்பிவிட்டாள். கன்னையாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஒருமுறை கைப்பிடியில் விரல் நசுங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கட்டுப் போட்ட தமிழ் நர்ஸ் ஒருத்தி வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு டக் டக்கென்று நடந்ததை அவர் பார்த்திருந்தார். ராஜம்மாவும் அப்படி நடக்க வேண்டும். அதற்கு முதலில் ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டும்.

"கிராணி ஐயா, மகளுக்கு ஒரு பாஸ் வேணும்" என்றார்.

"எங்க போறதுக்கு?"

"ஆறாம் வகுப்புக்கு."

சாதாரண மனிதனாக இருந்தால் இந்த இடத்தில் சிரித்திருப்பான். இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லியிருப்பான். ரெங்கசாமி இரண்டையும் செய்யவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூலையைப் பார்த்தார். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊர் போகிறவர்களுக்காக எழுத வேண்டிய பாஸ் படிவங்கள் ஆபீஸிலிருந்து கட்டுக் கட்டாக வந்து அங்கே குவிந்து கிடந்தன.

"கன்னையா, பாஸ் விஷயத்துல இந்தக் கோலாலம்பூர்லயே என்னைவிட ஆள் உண்டா?"

"இல்லீங்க ஐயா."

"பின்னே? சாயங்காலம் அஞ்சுலேருந்து ஏழு மணி வரைக்கும் அனுப்பு. பேனா மட்டும் நல்லதா இருக்கட்டும்."

இவ்வாறாக "பின்தங்கிய மாணவர் முன்னேற்ற நிலையம்" உதயமாயிற்று. ஒரே வாரத்தில் குடியிருப்பின் மந்தமான பிள்ளைகள் பதினொருவர் சேர்ந்துவிட்டார்கள். வாசலில் தொங்கிய பலகையை முதல் நாள் பயிற்சியாக ராஜம்மாவே எழுதினாள்.

நிலையத்தின் கல்வி முறை வேறெங்கும் இல்லாதது. புத்தகம் கிடையாது, கரும்பலகை கிடையாது, பிரம்புகூடக் கிடையாது. ஆளுக்கு நாற்பது படிவம். பெயர், புறப்படும் இடம், சேரும் இடம், வகுப்பு, உடன் செல்வோர். இதற்கு ரெங்கசாமி "செய்முறைக் கல்வி" என்று பெயர் வைத்து, சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியபடி போதித்தார்.

"சார், கட்டுரையில வினைச்சொல் எங்க போடணும்?" என்று ராஜம்மா ஒருநாள் கேட்டாள்.

"வினைச்சொல் எதுக்கு? இந்தப் படிவத்துல ஒரு வினைச்சொல் இருக்கா, பாரு. இல்லாமலே முப்பது வருஷமா ரயில் ஓடுது. உன் கட்டுரை ஓடாதா?"

கன்னையா ஒருநாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். பதினொரு தலைகள் குனிந்திருந்தன. பிள்ளைகள் கையில் இருந்ததெல்லாம் கிரீட முத்திரை போட்ட அசல் அரசாங்கக் காகிதம்! எந்தப் பள்ளிக்கூடத்தில் இப்படிக் காகிதம் கொடுக்கிறான்? அவருக்கு மனம் நிறைந்து போயிற்று. அன்றிலிருந்து மனைவி லெட்சுமி ஞாயிறுதோறும் கிராணி வீட்டுக்கு முட்டை கொடுத்தனுப்பினாள்.

அக்டோபரில் ஒருநாள் சாப்பிடும்போது ராஜம்மா சொன்னாள்: "அப்பா, அங்க பாடமே நடக்கல. அவரு ஆபீஸ் வேலையத்தான் எங்கள எழுதச் சொல்றாரு."

"ஆபீஸ் வேலை கத்துக்க ஊர்ல ஒவ்வொருத்தன் தவம் கிடக்கிறான். கிராணி ஐயாவுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சா?"

"புள்ள சொல்றதக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்களேன்" என்றாள் லெட்சுமி.

கன்னையா கேட்கவில்லை. ராஜம்மா அதற்குப் பிறகு சொல்லவும் இல்லை. பிற்பாடு அவரை ராப்பகலாக அரித்தது இந்தப் பேச்சுதான்.

கல்வியின் பலன் நவம்பரிலேயே தெரிந்தது, ஆசிரியருக்கு. "இவ்வளவு பாஸ், இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு அழகான கையெழுத்து!" என்று ஆபீஸ் துரை வியந்து, ரெங்கசாமியைத் தலைமைக் கிராணியாக உயர்த்தினார். பின்தங்கியவர் ஒருவர் முன்னேறிவிட்டார்.

டிசம்பரில் பரீட்சை வந்தது. கட்டுரைத் தலைப்பு: "நான் போன ஒரு பயணம்." ஒரு வாரம் கழித்துத் துரைசானி கன்னையாவை வரச்சொன்னாள். அவள் பேசியது கன்னையாவுக்குப் புரியவில்லை. ராஜம்மாவே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் எழுதுனதப் படிச்சுக் காட்டச் சொல்றாங்கப்பா."

"படி."

"பெயர், ராஜம்மா. புறப்படும் இடம், கோலாலம்பூர். சேரும் இடம், கிள்ளான். வகுப்பு, மூன்று. உடன் செல்வோர், மனைவி ஒன்று, குழந்தைகள் நான்கு. இந்தப் பாஸைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்பா. கீழ கையெழுத்துக்குக் கோடு போட்டிருக்கேன்."

துரைசானி மறுபடி ஏதோ கேட்டாள்.

"இப்ப என்னவாம்?"

"பொண்டாட்டி புள்ளைங்கள எங்க விட்டுட்டு வந்தேன்னு கேக்குறாங்க" என்றாள் ராஜம்மா. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

துரைசானி கையெழுத்தை மனமாரப் பாராட்டினாள். பாராட்டிவிட்டுப் பதிவேட்டைத் திறந்து பெயரை அடித்தாள்.

கன்னையா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே ரெங்கசாமியிடம் போனார். கோபமாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்திருந்தார். வாசலை மிதித்ததும் கை தானாகத் தொப்பியைக் கழற்றியது.

"ஐயா, பாஸ் தரேன்னீங்களே..."

"இல்லேன்னு சொன்னேனா? இப்ப எங்க போகுது புள்ள?"

"கிள்ளானுக்குத்தான், ஐயா."

"அட! அன்னிக்கே ஊர்ப் பேரைச் சொல்லியிருந்தா அஞ்சு மாசம் வீணாப் போயிருக்காதே!" ரெங்கசாமி ஒரு படிவத்தை எடுத்து ராஜம்மாவிடம் நீட்டினார். "நீயே எழுதிரும்மா. நான் எழுதுனா, இது யார் கையெழுத்துன்னு துரை சந்தேகப்படுவாரு."

ராஜம்மா எழுதினாள். "திரும்பி வர்ற தேதி, சார்?"

"அதை அடிச்சிரு. ஒருவழி போதும்."

அவள் அடித்தாள். ஒரு பிழை இல்லை.

கிள்ளான் வண்டி காலை ஏழு பத்துக்குப் புறப்பட்டது. கன்னையாவுக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே தண்டவாளம் பிரியும் இடத்தில் நின்றுதான் மகளை வழியனுப்பினார். மூன்றாம் வகுப்புப் பெட்டியின் ஜன்னலில் ராஜம்மாவின் முகம் தெரிந்தது. வண்டி நெருங்குமுன் கைப்பிடியை மறுபக்கம் இழுத்திருந்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. பத்தொன்பதாவது வருடத்திலும் அவர் தப்புச் செய்யவில்லை. வண்டி ஒழுங்காகக் கிள்ளான் பாதையில் திரும்பிப் போயிற்று. கன்னையா கைப்பிடியைப் பிடித்தபடியே நின்று அழுதார்.

மற்றப் பத்துப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். பேர் அடிபட்டு, பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு, சிலர் கிள்ளானை அடுத்த மேருப் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கும் சிலர் துறைமுகத்தில் கரி சுமக்கவும் போனார்கள்.

ஜனவரியில் நிலையத்தின் வாசலில் புதிய பலகை ஒன்று ஏறியது: "சென்ற ஆண்டு பயின்றோர் பதினொருவர். பாஸ் பெற்றோர் பதினொருவர். நூற்றுக்கு நூறு!" அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. பெற்றோர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பதினொன்றும் ஒருவழிப் பாஸ் என்று இன்னொரு வரி சேர்க்கவும் பலகையில் தாராளமாக இடமிருந்தது. ஆனால் இந்த முறை ரெங்கசாமியே எழுதியதால், இருந்த எழுத்தே கோணல்மாணலாக இருந்தது. அழகாக எழுதத் தெரிந்த பெண் கிள்ளானில் அன்னாசி சீவிக்கொண்டிருந்தாள்.