குறட்டை அக்காவின் சத்திரம்

யாங்கோனில் வேறு யாராலும் முடியாத ஒன்று குறட்டை அக்காவால் முடியும். எப்பேர்ப்பட்ட மனிதரையும் பத்து நிமிஷம் பாயில் படுக்கவைத்து, அவருக்கு மாடியா கீழ்த்தளமா என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கோயில் சத்திரத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆற்றோர ஊர்களிலிருந்து படகில் வருகிறவர்கள் இலவசமாகத் தங்கலாம். ஆனால் வந்ததும் பட்டப்பகலில் தூங்கிக் காட்ட வேண்டும்.

"கண்ண மூடுங்க. நடிச்சா எனக்குத் தெரியும்."

குறட்டைக்காரர்களுக்கு மாடி. ஒருமுறை, கல்யாணமாகி ஒரு வாரமே ஆன ஜோடியைப் பிரித்து மாப்பிள்ளையை மாடிக்கு அனுப்பிவிட்டாள். மறுநாள் அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்து நன்றி சொன்னதை நானே பார்த்தேன்.

ஆள் வரவு குறைந்துவிட்டது என்று, சத்திரத்தை ஒரு வெங்காய வியாபாரிக்குக் கிடங்காக விட எங்கள் கோயில் கமிட்டி முடிவுசெய்தது. செயலாளரான நானும் தலையாட்டினேன். போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் தலைவர், வியாபாரி, நான் மூவரும் சாவி வாங்கப் போனோம்.

அக்கா சாவியைத் தரவுமில்லை, மறுக்கவுமில்லை. "மழை வருது சயா, உக்காருங்க" என்றாள் தலைவரிடம். பர்மாவில் எல்லா ஐயாக்களும் சயாதான்.

கொட்டியது பாருங்கள். படகுகள் நின்றன. துறையில் காத்திருந்த கூட்டம் மொத்தமும் சத்திரத்துக்குள் ஓடிவந்தது. கைக்குழந்தைகள், கோழிக்கூடைகள், லீவில் ஊருக்குக் கிளம்பிய, லைங் தாயா பேட்டைத் தையல் ஆலைப் பெண்கள். தூங்கவைத்துப் பார்க்க நேரமில்லை. முகத்தைப் பார்த்தே பிரித்தாள்.

"நீங்க மேல. நீங்க கீழ. ஏங்க வெங்காயம், அந்த அண்டாவைப் பிடிங்க."

வியாபாரி மறுபேச்சில்லாமல் பிடித்தார். தலைவர் கிண்ணம் கிண்ணமாக மொஹிங்கா மீன்சூப் ஊற்றினார். நான் துண்டு கொடுத்தேன்.

மழை ஓயும்போது தலைவர் மெல்லச் செருமினார். "அந்தச் சாவி..."

வியாபாரி முந்திக்கொண்டார். "எங்க சயா வெங்காயம் வைக்கிறது? மனுசங்களுக்கே எடம் பத்தல."

தலைவர் ஒப்பந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்தார். விஷயம் புரிந்ததும் மாடிப்படி முழுக்க நின்றவர்கள் கைதட்டினார்கள். தலைவரும் சேர்ந்து தட்டினார். அக்கா மட்டும், "தட்டினது போதும், கிண்ணத்தைக் கழுவுங்க" என்றாள்.

கூட்டம் படகேறியது. அவளை வெளியேற்றத் தலையாட்டியவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று நான் செருப்பைத் தேடினேன். அவள் ஒரு பாயை விரித்தாள்.

"நல்லா நனைஞ்சிட்ட தம்பி. கொஞ்சம் படுத்துட்டுப் போ."

தாமுவேயில் எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. அன்று சாயங்காலம் அந்தப் பாயில் தூங்கியதுபோல் அங்கே நான் ஒருநாளும் தூங்கியதில்லை.