முன்னூறு ஓம் ஹெட்ஃபோனும் ஒரு கை விசிறியும்

சனிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வைத்தி முடிவு செய்துவிட்டார். இந்த வருஷம் வீட்டுக்குள் வரப்போவது ஆம்ப்ளிஃபையர்தான். இன்வர்ட்டர் அல்ல. உலகமே தலைகீழாக நின்றாலும் அல்ல.

லோதி ரோடு காலனியின் அந்த இரண்டாம் மாடி சர்க்கார் குவார்ட்டர்ஸில் வருஷத்துக்கு ஒரு பெரிய சாமான் என்பது சட்டம். போன வருஷம் ஃபிரிட்ஜ். அதற்கு முந்தின வருஷம் கூலர். அது ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு லாரி மாதிரி உறுமும். நடுநடுவே காற்றும் வரும். இந்த வருஷத்து இடத்துக்கு அவர் மனைவி ஜலஜா வெகுநாளாக இன்வர்ட்டருக்குத் துண்டு போட்டு வைத்திருந்தாள். ஜூன் மாத டெல்லியில் மத்தியானம் கரண்ட் போவது தபால்காரர் வருவதைவிட நிச்சயம். ஆனாலும் வைத்தி அசைந்துகொடுக்கவில்லை.

"கரண்ட் போனாத்தான்டி இந்த ஊர்ல மனுஷன் காதுக்குக் கொஞ்சம் அமைதி. கூலர் கிடையாது, டிவி கிடையாது. அதையும் இன்வர்ட்டர் வாங்கிக் கெடுத்துக்கணுமா?"

"உங்க காதுக்கு அமைதி. அடுக்களைல எனக்கு உயிர் போறது."

இந்த இழுபறிக்கு நடுவில் வந்து சேர்ந்ததுதான் அந்த ஹெட்ஃபோன். ஜலஜாவின் தம்பி ஹரிஷங்கர் ஜெர்மனியிலிருந்து லீவில் வந்தபோது அத்திம்பேருக்கென்று கொண்டுவந்தது. காது மடல் முழுசையும் மூடும். வைத்தி அதைத் தலையில் மாட்டி, தன் சின்ன சிடி பிளேயரில் சொருகி, தோடி ஆலாபனையை ஓடவிட்டார். வீணை கேட்டது. ஆனால் மோதி பாக்கில் யாரோ வாசிக்க, லோதி ரோட்டில் இவர் உட்கார்ந்து கேட்பது போலக் கேட்டது.

கீழ் வீட்டு அந்தோணி தூத்துக்குடிக்காரர், இன்ஜினியர். பாட்டுப் பெட்டிகளில் பைத்தியம். ஹெட்ஃபோனைப் புரட்டிப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இதோட மின்தடை முன்னூறு ஓம்லா சார். உங்க பிளேயர் இத எங்கன இழுக்கும்? ஸ்கூட்டர்ல கயிறு கட்டி பஸ்ஸ இழுத்த கதைதான். தனியா ஒரு ஆம்ப் வேணும்."

வைத்திக்கு அந்த நிமிஷமே ஆம்ப்ளிஃபையர் ஆசை பிடித்துக்கொண்டது. ஆனால் இதை ஜலஜாவிடம் சொல்வதில் ஒரு சங்கடம். ஹெட்ஃபோனைக் குறை சொன்னால் தம்பியைக் குறை சொன்னதாக ஆகும். அவர் பதமாக ஆரம்பித்தார்.

"ஹரி கொடுத்தது ரொம்ப உசத்தி. அதனாலதான் தனியா ஆம்ப் கேக்கறது."

"எங்க ஹரி வாங்கினா உசத்தியாத்தான் இருக்கும். உசத்தின்னா தானாவே நன்னா கேக்கணுமே?"

"அது அப்படி இல்லே. இம்பீடன்ஸ்னு ஒண்ணு இருக்கு. இதெல்லாம் சயன்ஸ் படிச்சவாளுக்குத்தான் புரியும்."

"நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். நீங்கதான் பி.காம்."

வைத்தி கொஞ்ச நேரம் காப்பியைக் குடித்தார். டம்ளர் காலியாகி நேரமாகியிருந்தது.

"சரி, சண்டை வேண்டாம்," என்றாள் ஜலஜா. "ஆபீஸ்ல ஒரு டேபிள் ஃபேன் வாங்கினாக்கூட ட்ரயல் பார்க்காம விடமாட்டேன்னு பீத்திப்பேளே, இதுக்கும் ட்ரயல் வெச்சுண்டா போச்சு. நீங்க கண்ணை மூடிண்டு உட்காருங்கோ. நான் பின்னாலேர்ந்து மாத்தி மாத்திச் சொருகறேன். எது ஆம்ப், எது வெறும் பிளேயர்னு நீங்க சொல்லணும். சரியாச் சொல்லிட்டேள்னா இன்வர்ட்டர் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"தப்பாச் சொன்னா?"

"இன்வர்ட்டர்."

வைத்தி ஒரு செக்‌ஷன் ஆபீசர். ட்ரயல் என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு அவரால் சும்மா இருக்க முடியாது. "தாராளமா," என்றார். அன்று சாயங்காலமே அந்தோணியின் ஆம்ப்பை இரவல் வாங்கி மூச்சுவாங்க மாடியேற்றினார். ஹாலில் இருந்த தேக்கு ஸ்டாண்டிலிருந்து பழைய பத்திரிகைகளைக் கீழே தள்ளி, துடைத்து, இடமும் ஒழித்துவிட்டார். இரவல் ஆம்ப் போய்ச் சொந்த ஆம்ப் வந்து உட்காரவேண்டியதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயில் கொளுத்தியது. கூலர் உறுமியது. வைத்தி சாய்வு நாற்காலியில் அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டார். போதாததற்கு ஜலஜா ஒரு துண்டை மடித்துக் கண்ணில் கட்டினாள். ஹெட்ஃபோன் ஏறியது. தோளில் ஒரு தட்டு.

எங்கோ தூரத்தில் வீணை. கூலரின் உறுமல்தான் பெரிதாகக் கேட்டது.

"வெறும் பிளேயர்," என்றார் வைத்தி.

ஜலஜா ஹெட்ஃபோனின் ஒரு காதைத் தூக்கிப் பிடித்து, "சரிதான்," என்றாள். "இருங்கோ, அடுத்தது."

வைத்திக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பாதி வென்றாயிற்று. பின்னால் ஏதோ உருட்டும் அசைவு. கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். பெண்களுக்கு ஒயர் விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்று பெருந்தன்மையுடன் நினைத்துக்கொண்டார். பிறகு தோளில் இரண்டாவது தட்டு.

அடடா, இதுவல்லவா தோடி. தந்தியில் நகம் படுவது கேட்டது. கமகம் இழையும்போது வித்வான் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. வைத்தி தொடையில் தாளம் போட்டார். தலையை ஆட்டினார். உருக்கத்தில் உடம்பெல்லாம் வியர்த்தது. முகத்தில் மட்டும் இதமாகக் காற்று வந்து வந்து போயிற்று. கூலர்கூட இன்றைக்குத் தாளத்துக்கு வீசுவதாக அவருக்குத் தோன்றியது. ஆலாபனை முடியும்வரை எழுந்திருக்க மனமில்லை.

முடிந்ததும் கண்ணை மூடியபடியே தீர்ப்பு சொன்னார்.

"இது ஆம்ப். சந்தேகமே கிடையாது. ஜலஜா, இதுவரைக்கும் நான் கேட்டதெல்லாம் பாட்டே இல்லே. குழந்தைகூடச் சொல்லிடும், அவ்வளவு வித்தியாசம்."

ஹெட்ஃபோனைக் கழற்றினார். துண்டை அவிழ்த்தார். வாசலில் அந்தோணி பனியனோடு பதறிக்கொண்டு நின்றிருந்தார்.

"சார், ஆம்ப் பிளக்கப் பிடுங்கி வச்சிட்டீங்கள்லா? கரண்ட் வரும்போது வோல்டேஜ் குதிக்கும். புகைஞ்சிரும்."

"ஏன், கரண்டுக்கு என்ன?"

"போயி அரை மணி ஆச்சே சார்."

வைத்தி ஜன்னலைப் பார்த்தார். கூலர் செத்துக்கிடந்தது. ஜலஜாவைப் பார்த்தார். முகமெல்லாம் வியர்வை வழிய அவள் கையில் ஒரு விசிறியுடன் நின்றிருந்தாள்.

"பிளக்கை அப்பவே பிடுங்கிட்டேன் அந்தோணி சார்," என்றாள். பிறகு வைத்தியிடம், "ஆம்ப்ல சொருகப் போனேன், கரண்ட் போயிடுத்து. பிளேயர் பென்சில் பேட்டரில ஓடிண்டிருந்தது. அதுலயே திருப்பிச் சொருகிட்டேன்."

"அப்போ எப்படி அவ்வளவு நன்னா கேட்டுது?"

"கூலர் நின்னுடுத்தே, அதான்."

அந்தோணி யோசித்தார். "மேடம் சொல்றது சரிதான் சார்," என்றார் வருத்தத்தோடு.

"நீ எதுக்கு விசிறினே?" என்றார் வைத்தி பரிதாபமாக.

"புழுங்கினா கண்ணைத் தொறந்துடுவேளே. பாவம், அப்படி ரசிச்சிண்டிருந்தேள்."

வைத்திக்குக் கோபம் வந்தது. அரை மணி நேரம் தனக்காக விசிறியிருக்கிறாளே என்று மனசு இளகவும் செய்தது. இரண்டும் சேர்ந்ததில் வாயில் வந்ததைச் சொன்னார்.

"இது ஒரு ட்ரயலே இல்லே. செல்லாது. இந்த ஊர்க் கரண்டை நம்பி ஒரு காரியம் செய்ய முடியுமா?"

"முடியாதுன்னுதானே நானும் சொல்லிண்டே இருக்கேன்," என்றாள் ஜலஜா.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது வைத்திக்கு உறைத்தது. அந்தோணி தன் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் மாடியிறங்கினார்.

அடுத்த ஞாயிறு இன்வர்ட்டர் வந்தது. பொருத்த வந்த ஆள் அதை எங்கே வைப்பது என்று கேட்க, ஜலஜா தேக்கு ஸ்டாண்டைக் காட்டினாள். இடம் ஏற்கெனவே துடைத்துத் தயாராக இருந்தது.

மத்தியானம் வழக்கம்போல் கரண்ட் போயிற்று. கூலர் அடங்கியது. வைத்தி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஆம்ப் போனால் போகட்டும், இந்த அமைதி போதுமே. ஹெட்ஃபோனை மாட்டித் தோடியைப் போட்டார்.

இன்வர்ட்டர் 'டிக்' என்றது. ஃபேன் சுழன்றது. டிவி உயிர்பெற்றது. சீரியலில் ஒரு மருமகள் ஓவென்று அழத் தொடங்கினாள். பின்னணியில் பத்து வயலின்கள் அவளோடு சேர்ந்து அழுதன. வைத்தி பிளேயரின் சத்தத்தைக் கூட்டினார். கடைசிவரை கூட்டியும் வீணையைக் காணோம். இப்போதுதான் அவருக்கு உண்மையிலேயே ஒரு ஆம்ப் தேவைப்பட்டது.

"ஜலஜா," என்றார்.

"என்ன?"

அவள் முகத்தைப் பார்த்தார். ஸ்டாண்டைப் பார்த்தார். ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லே. அந்தப் பொண்ணு எதுக்கு அழறா?"

"இப்படி வந்து உட்காருங்கோ," என்றாள் ஜலஜா. "முதல் நாள்லேர்ந்து சொல்றேன்."