முன்கட்டையும் என் வலது தோளும்

கோவில்பத்து, காரைக்கால்
2-6-1983

அன்புள்ள மைத்துனர் பிலோமின்ராஜுக்கு,

மாதா கிருபையால் இங்கே என் வலது தோளைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே தங்கை சலோமியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். திருவிழாக் கமிட்டித் தலைவர் நீங்கள் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

போன அந்தோணியார் திருவிழாவிலிருந்து என் வலது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை. சட்டை மாட்ட உங்கள் அக்காள் ஞானமேரி உதவ வேண்டியிருக்கிறது. "கையைத் தலைக்கு அண்டக் குடுத்துப் படுக்குறீங்கள்ல, அதான்" என்றாள். மல்லாந்து படுத்தேன், வலியோடு குறட்டையும் சேர்ந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் சோமசேகரன், "வாயு சார், உருளைக்கிழங்கை நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன், வலி நிற்கவில்லை. கரும்பலகையில் எழுதுவதால் இருக்குமோ என்று சரித்திரப் பாடத்தை வாயாலேயே நடத்தினேன். பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள், தோள் படவில்லை. கடைசியில் டாக்டரிடம் போனேன். கழுத்து எலும்பிலிருந்தும் வலி இறங்குமாம். கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், பழுதில்லை. சர்க்கரை இருந்தால் தோள்மூட்டு இறுகிவிடுமாம். எனக்குச் சர்க்கரை இல்லை. வயசுத் தேய்மானம் என்றார். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. "கையை மேல தூக்கிக்கிட்டு எதையாச்சும் தாங்குவீங்களா?" என்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

அந்தோணியார் சப்பரத்தைத் தோளில் தூக்கும்போது முன்கட்டை எனக்கும் இஞ்ஞாசிக்கும். இருவருமே குள்ளம். பின்கட்டைக்கு நீங்கள் நிறுத்தியிருப்பதோ போலகத்து அண்ணன் தம்பி இருவர், இரண்டு பனைமரங்கள். அந்தோணியார் முன்னால் சாய்கிறார். அவர் விழாதிருக்க நான் கட்டையைத் தோளிலிருந்து எழுப்பி, கையால் ஏந்திக்கொண்டே ஊர்வலம் முழுக்க வருகிறேன். இஞ்ஞாசி கட்டையைச் சும்மா தொட்டுக்கொண்டு வந்து, "என்ன சார் மூச்சு வாங்குது, சாக்பீஸ் தூக்குற ஒடம்புதானே" என்கிறான். மறக்கவில்லை. அன்றே உங்களிடம் முறையிட்டேன். "அந்தோணியாரே ஒங்க மேல சாஞ்சா அது பாக்கியமுல்ல மச்சான்?" என்றீர்கள். அதையும் மறக்கவில்லை. அந்தப் பாக்கியத்துக்குத் தைலம் தேய்ப்பது உங்கள் அக்காள்தான்.

ஆகையால் இந்த வருஷம் குடும்ப வரிசை பார்க்காமல், ஒரே உயரமுள்ள நாலு பேரைத்தான் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் நான் கட்டையைத் தொடப்போவதில்லை. இது முடிவு.

பிள்ளைகளுக்கு என் ஆசீரும் முத்தமும்.

இப்படிக்கு,

பி.கு.: இதை உங்கள் அக்காளுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒரே உயரம்னு பாத்தா மொதல்ல ஒங்களைத்தாங்க கழட்டி விடுவாங்க. ஊருல மத்தவங்கல்லாம் நெடுநெடுன்னுல்ல இருக்காங்க" என்றாள். அது என் தகப்பனார் நின்ற இடம். உயிர் உள்ளவரை விடமாட்டேன். ஆகவே உயரம் பற்றி மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிடுங்கள். முன்கட்டைக்கு அடியில் நாலு விரல் கனத்துக்கு ஒரு பலகை வைத்து, தோளில் படும் பக்கம் பஞ்சு வைத்துத் தைத்தால் போதும். ஆனால் தோள்வலி யாருக்கென்று கமிட்டிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் என் இடத்தை இஞ்ஞாசியின் தம்பிக்குக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் தாராளமாக வாசிக்கலாம். அதற்குத் தோதாக, கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்ப்பதென்று தீர்மானித்துவிட்டேன்.