நூற்று நாற்பதுக்குக் கீழே

"மெஷின் கெட்டுப்போச்சு!" ஏழாம் கட்டிலிலிருந்து டிரைவிங் மாஸ்டர் கத்தினார்.

"பிரஷர் நூத்தி அறுபத்தெட்டு," என்றார் நர்ஸ், அவர் கையில் சுற்றிய பட்டையைக் கழற்றாமலே. "நூத்தி நாப்பதுக்குக் கீழ வந்தாத்தான் இன்னைக்கு வீட்டுக்கு விடுவாங்க."

நாளை அவருடைய மாணவர்கள் ஒன்பது பேருக்கு லைசென்ஸ் தேர்வு. அவர் திட்டாவிட்டால் ஒருவருக்கும் பிரேக் எங்கே என்று ஞாபகம் வராது.

நர்ஸ் படிவத்தைப் பிரித்தார். "நெஞ்சுவலின்னு வர்ற எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான். சிகரெட்?"

"நிறுத்தியாச்சு."

"எப்போ?" என்றார் ஸ்டூலில் இருந்த மனைவி. "முந்தாநாள் கதவைச் சாத்திட்டு ஊதினீங்களே. நானும் உள்ளதான இருந்தேன்."

"உன்னைக் கேட்டாங்களா?"

நூற்று எழுபத்தைந்து.

"உப்பு?"

"அளவாத்தான்."

"அவரு அளவுக்குத்தான் மொத்தச் சமையலும். எனக்குன்னு தனியா வைக்க முடியுமா?"

"தூக்கம்?"

"படுத்தா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவேன்."

"ஆமா. குறட்டைக்கு நான் காவல்."

"கோபம் வருமா?"

"எனக்கா? எவன் சொன்னான்?"

எதிர்க்கட்டில்காரர் காதைப் பொத்திக்கொண்டார். நூற்று எண்பத்தாறு.

"டப்பா மெஷினை வச்சுக்கிட்டு என்னை நோயாளியாக்குறீங்களா? இவ கையில கட்டுங்க! கல்லு மாதிரி இருக்கா. முப்பது வருஷத்துல தலைவலின்னு ஒருநாள் படுத்ததில்ல."

"எனக்கு எதுக்குங்க..."

"நீட்டுன்னா நீட்டு!"

இருநூற்றுப் பத்து.

"பாத்தீங்களா! இவளுக்குப் போய் இருநூத்திப் பத்தாம்!"

நர்ஸ் ஓடிப்போய் வேறு மெஷின் கொண்டுவந்தார். மனைவிக்கு இருநூற்றுப் பதினான்கு.

"அதுவும் கெட்டுப்போச்சு! ஆஸ்பத்திரியா இது, காயலான் கடையா?"

தலைமை நர்ஸ் வந்தார், கையால் அழுத்தும் பழைய கருவியோடு. மனைவியின் வலது கையில் பார்த்தார். இடது கையில் பார்த்தார். மாஸ்டருக்கும் பார்த்தார். பிறகு அந்தப் படிவத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார்.

"உங்களுக்கு நூத்தி முப்பத்தெட்டு," என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார்.

ஜெயித்த சந்தோஷத்தில் மாஸ்டருக்கு பிரஷர் இறங்கிவிட்டிருந்தது. "நான்தான் சொன்னேன்ல! ஏய், பையை எடு. செருப்பு எங்க? என்ன கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?"

அதற்குள் ஆயா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்கு எதுக்கும்மா இது? நான் நடந்தே போவேன்."

"நடந்தே போங்கய்யா. நாற்காலி அம்மாவுக்கு."