லூட்டுக்கு ஒரு கோவேறு கழுதை

என் மனைவி குனிகுண்டேயின் லூட்டை விற்றே தீருவது என்று முடிவு செய்தேன். அவளுடைய அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த தந்தி வாத்தியம். இருக்கட்டுமே! சீப்பும் ஊசியும் முதுகில் சுமந்து விற்று, நியூரம்பெர்க்கில் கடை போட்டவன் நான். என் சரக்கு வண்டியை இழுக்கக் கோவேறு கழுதை வேண்டும். நகரசபை வாத்தியக்காரர் ஸெபால்ட், லூட்டுக்குப் பதில் தன் கழுதையைத் தருவதாகச் சொன்னார். தொண்டை கிழியப் பேரம் பேசிச் சேணத்தையும் சேர்த்துத் தரச் சம்மதிக்க வைத்தேன்.

ஒரே குறை, மெட்டுகள். லூட்டின் கழுத்தைச் சுற்றி எட்டு இடத்தில் ஆட்டுக்குடல் நரம்பைக் கட்டுவார்கள். அதுதான் மெட்டு. தேய்ந்து போன பழையதையெல்லாம் குனிகுண்டேயே நறுக்கி அடுப்பில் போட்டுவிட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

“நரம்பு வாங்கவா கிளம்பிட்டீங்க?”

“உங்கிட்ட உத்தரவு கேக்கணுமா?”

“இல்லீங்க. இழுத்துப் பிடிச்சு சுண்டிப் பாருங்க. ரெண்டு கோடு தெளிவா தெரிஞ்சா நல்ல நரம்பு. புகை மாதிரி கலங்குனா வேண்டாம்.”

“தெரியும்டி.” தெரியாது.

“தலைப்பக்கம் தடிசாக் கட்டணும். வயித்துப் பக்கம் போகப்போக மெலிசு. அப்பா அப்படித்தான் கட்டுவார்.”

வழியெல்லாம் யோசித்தேன். விற்கப் பிடிக்காதவள் விற்பதற்கு யோசனை சொல்வாளா? முப்பது வருஷம் சந்தையில் அடிபட்டவன் நான். எதிராளி சொன்னதைத் தலைகீழாகப் பிடி, உண்மை கிடைக்கும். அதனால் தலைப்பக்கம் மெலிசு, வயிற்றுப் பக்கம் தடிசு. நரம்போடு வீடு திரும்பி எட்டு முடிச்சு போட்டு முடிப்பதற்குள் இரண்டு விரல் வீங்கிவிட்டது. குனிகுண்டே கிழங்கு நறுக்கியபடியே பார்த்தாள்.

“அழகா இருக்குங்க.”

ஞாயிறு பூசை முடிந்து ஸெபால்ட் வந்தார். கழுதை வாசலில் நின்றது. லூட்டை வாங்கிய ஸெபால்ட், முதல் மெட்டில் விரலை வைத்துத் தந்தியைத் தட்டினார். கர்ர். இரண்டாவதிலும் கர்ர். எங்கே வைத்தாலும் அதே கர்ர்.

“யாருய்யா கட்டினது?”

“நான்தான். ஏன்?”

“கீழே வயித்துப் பக்கம் தடிசு இருந்தா, மேலே எங்கே அழுத்தினாலும் தந்தி அதுல போய் இடிக்காதா? எது தலை, எது வாலுன்னு என் கழுதைக்குக்கூடத் தெரியும்யா! நானே அவிழ்த்துக் கட்டிக்கிறேன், அதுக்கு ஈடா சேணத்தை மட்டும் விட்டுக்கொடு.”

சேணமா? எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அவரையும் அவர் கழுதையையும் ஒரே பேர் சொல்லி அழைத்தேன். இருவரும் போய்விட்டார்கள்.

குனிகுண்டே லூட்டை மடியில் வைத்து என் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

“அப்போ நீ சொன்னது சரிதானா?”

“சரிதாங்க.”

“விக்கப் பிடிக்காதவ ஏன்டி சரியாச் சொன்னே?”

அவள் தலை நிமிரவில்லை.

“தப்பாச் சொன்னா நீங்க சரியாக் கட்டிடுவீங்களே!”