பிரேக்கும் வெறுங்காலும்

தாம்பரத்துக்குத் தெற்கே ஓடுகிற கார்களில் பாதி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதென்றால் அதற்கு ஒரே காரணம் ‘வெறுங்கால்’ என்று ஊரே கூப்பிடும் மெக்கானிக்தான். மீதிப் பாதி, அவரோடு சண்டை போட்டுவிட்டு வேறு மெக்கானிக்கிடம் போனவர்களுடையது.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட், அதுதான் அவர் ராஜ்ஜியம். பிரேக் கோளாறு என்று யார் போனாலும் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்வார். கோவிலுக்குள் கூட யோசித்துக் கழற்றுகிற ஆட்கள் அங்கே மறுபேச்சில்லாமல் கழற்றுவார்கள். "நடுவுல செருப்பு பூந்துச்சுன்னா பொய் சொல்லும் சார். வெறுங்கால் பொய் சொல்லாது" என்பது அவர் கட்சி. மேடவாக்கத்திலிருந்து வந்த ஒரு ஐ.டி. இளைஞர் ஷூ லேஸை அவிழ்க்க மறுத்ததால் அவர் காரைத் தொடாமலே திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரு அம்மாவிடம் மெட்டியையும் கழற்றச் சொன்னார் என்பது மட்டும் வதந்தி. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் மட்டும் எப்போதும் கனமான ஷூ போட்டிருப்பார். கேட்டால், "ஷெட்டுல ஆணி கீது சார்" என்பார்.

நான் அவரிடம் போய் மாட்டியது போன வருஷம். என் காரின் பிரேக் திடீரென்று கருங்கல்லை மிதிப்பதுபோல் இறுகிவிட்டது. நானோ, "பாத்தியா, பிரேக் எவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்கு!" என்று மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். பெருங்களத்தூர் சிக்னலில் எழுந்து நின்று மிதிக்காத குறையாக மிதித்தும், கார் போய் முன்னால் இருந்த ஆட்டோவை ஆசையாக முத்தமிட்டது. ஆட்டோக்காரர் இறங்கி வந்தார்.

"இன்னா சார், ஆட்டோல ஏறணும்னா கைய காட்ட வேண்டியதுதானே?"

வேறு சமயமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். வீட்டில் என் மகள் நிறைமாதம். மாப்பிள்ளை பெங்களூரில். எந்த நேரமும் வலி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளைக் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியது இந்தக் கார்தான். முதலில் பார்த்த ஒர்க்‌ஷாப்பில், "பூஸ்டர் போயிடுச்சு, பார்ட் வர அஞ்சு நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். நேராக வெறுங்காலிடம் போனேன்.

அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. என் செருப்பைப் பார்த்தார். கழற்றினேன்.

"இன்ஜின ஆஃப் பண்ணு. பிரேக்க அஞ்சாறு வாட்டி மிதி. மிதிச்சியா? அப்படியே அமுக்கிக்கினு ஸ்டார்ட் பண்ணு. இப்போ காலு கீழ எறங்குதா?"

"இல்லையே."

"நல்லா கால கேளு சார்!"

கேட்டேன். கால் ஒன்றும் சொல்லவில்லை.

"எறங்கணும். பிரேக்குக்குப் பின்னால சட்டி மாதிரி ஒண்ணு கீது, அதான் பூஸ்டர். இன்ஜின் ஒரு டியூப் வழியா அதுலேர்ந்து காத்த உறிஞ்சினாதான் உன் காலுக்குத் தெம்பு. எறங்கலைன்னா சட்டி செத்துருக்கணும், இல்ல டியூப் செத்துருக்கணும்" என்றவர், அப்போதுதான் பானெட்டைத் திறந்தார். தலையை உள்ளே விட்டவர் வெகு நேரம் வெளியே எடுக்கவில்லை. பிறகு கரிபிடித்த ஒரு துணி மூட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னா இது, தாயத்தா?"

அது நான் கட்டியதுதான். ஏரியிலிருந்து எலிகள் வந்து எங்கள் அப்பார்ட்மென்ட் கார்களின் ஒயரைக் கடிப்பதால், புகையிலையைத் துணியில் முடிந்து இன்ஜினில் கட்டும்படி வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை வந்தது. எல்லோரும் கட்டினோம். நான் கொஞ்சம் சிரத்தை அதிகமானவன். கண்ணில் பட்ட தடிமனான ரப்பர் டியூபில், துணி உலர்த்தும் நைலான் கயிற்றால் மூன்று முடிச்சு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தேன். சூட்டில் இளகிய டியூப், கட்டிய இடத்தில் ஒட்டிப்போய் விரிசலும் விட்டிருந்தது.

"எலிக்காக..." என்று இழுத்தேன்.

"எலி கடிச்சிருந்தா ஒரு ஓட்டையோட போயிருக்கும். நீ கழுத்தயே நெரிச்சிட்டியே! அப்புறம் எலி வந்துச்சா?"

"வரலை."

"எப்படி வரும்? பிரேக் இல்லாத வண்டில எவன் ஏறுவான்?"

புது டியூபும் அதன் வால்வும் மாட்டினார். மறுபடி மிதிக்கச் சொன்னார். ஸ்டார்ட் செய்ததும் பிரேக் என் பாதத்தின் கீழ் மெதுவாக இறங்கியது. இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்டார். மகளைப் பற்றிச் சொன்னேன். பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஏரிக்கரை ரோட்டில் இருபது முறை காரை ஓடவிட்டு நிறுத்தச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு வலி வந்தது. மகளையும் மனைவியையும் பின்சீட்டில் ஏற்றி, அவர் ஷெட்டைத் தாண்டித்தான் போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே வந்து நின்றது. மிதித்தேன். கார் லாரிக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றது. முப்பது வருஷத்தில் முதல் முறையாக, நான் கார் ஓட்டுவதைப் பற்றி மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

மகளை உள்ளே அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தால், ஒரு பழைய ஸ்கூட்டரோடு வெறுங்கால் நிற்கிறார். என் கார் சக்கரத்தைத் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ண ஏத்திக்கினு போறத பாத்தேன். பின்னாலயே வந்தேன். எல்லா எடத்துலயும் கரீட்டா நிக்குது சார்."

"ஷெட்டை யார் பாத்துக்கறாங்க?"

"ஒரு கஸ்டமர் பிரேக்க அமுக்கிக்கினு உக்காந்துனு கீறாரு. நான் வர்ற வரைக்கும் கால எடுக்காதன்னு சொல்ட்டேன்."

போகச் சொன்னேன். "கொயந்த பொறக்கட்டும்" என்று தூண் ஓரமாக நின்றுவிட்டார். மதியம் பேத்தி பிறந்த செய்தியை மாப்பிள்ளைக்கும் முன்னால் அவரிடம்தான் சொன்னேன். குழந்தையைக் காட்ட உள்ளே அழைத்துப் போனேன். அவர் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், கிரீஸ் போகவில்லை. குழந்தையைத் தொடாமல் தூர நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

இன்று யாராவது அவரைக் கிறுக்கர் என்றால் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. அப்படிச் சொல்கிற உரிமையை நான் வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.